மருந்தும் ரவையும்: வேட்டை எழுத்தில் ஒரு சோம்பல்

தமிழில் வேட்டை எழுத்துக்கு வாசகர் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. ஜிம் கார்பெட்டின் குமாவுன் ஆட்கொல்லிகளும் கென்னத் ஆண்டர்சனின் ஜவளகிரிப் புலியும் தலைமுறை தலைமுறையாக நம்மவர்களால் வாசிக்கப்படுகின்றன, மொழிபெயர்க்கப்படுகின்றன, அவற்றைப் பின்பற்றிக் கதைகளும் எழுதப்படுகின்றன. இந்த எழுத்துகளில் காடு இருக்கிறது, நிலவு இருக்கிறது, மரத்தின் மேல் கட்டிய பரண் இருக்கிறது, புலியின் கண்களில் தெறிக்கும் ஒளி இருக்கிறது. துப்பாக்கியும் இருக்கிறது. துப்பாக்கிக்குள்தான் எதுவும் இருப்பதில்லை. வேட்டைக்காரன் குறி பார்க்கிறான், 'குண்டு பாய்ந்தது', விலங்கு சாய்கிறது. எந்தக் குண்டு, எவ்வளவு எடை, அதன் முனை எத்தகையது, அதன் பின்னால் எவ்வளவு மருந்து என்ற கேள்வியே எழுவதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வி எழாமையைப் பற்றியது.

குண்டு என்ற சொல்லின் மீது நமக்குப் பகை ஒன்றுமில்லை. அது ஒரு அப்பாவிச் சொல். அதன் முதுகில் நாம் ஏற்றிவைத்திருக்கும் சுமைதான் அளவு மீறியது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கலங்களின் மீது எறிந்ததும் குண்டு; ஹிரோஷிமாவில் விழுந்ததும் குண்டு; வலையின் அடியில் கோத்த ஈயமும் குண்டு; கூரையில் தொங்கும் பல்பும் குண்டு; அரிசிக்கடை முதலாளியும் குண்டு. கடைசியாக, கார்பெட்டின் சட்டைப் பையில் கிடந்ததும் குண்டு. இவற்றுள் முதலாவது பீரங்கியின் எறிகணை. கடைசியில் சொன்னது தோட்டா. தோட்டா வேறு, அதன் முனையில் அமர்ந்து பறந்து செல்லும் உலோகத் துண்டு வேறு. இவ்வளவு எளிய வேறுபாட்டைக்கூடக் காப்பாற்ற முடியாத உரைநடைதான் நம் வேட்டை உரைநடை.

அண்மையில் நாம் வாசித்த ஒரு மொழிபெயர்ப்பில் '140 தானியக் குண்டு' என்றொரு தொடர் வந்தது. நூலின் பெயரும் மொழிபெயர்த்தவர் பெயரும் வேண்டாம். உழைப்பாளி, நல்ல தமிழ் அறிந்தவர். ஆங்கிலத்தில் 'கிரெயின்' என்றிருந்ததை அவர் தானியம் என்று பெயர்த்துவிட்டார். கிரெயின் என்பது இங்கே எடையலகு. ஒரு பவுண்டில் 7000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர் கணக்கில் சொன்னால் அரைக் குன்றிமணிக்கு அருகில் வரும். 140 கிரெயின் என்றால் 9 கிராம். இந்த 9 கிராமில்தான் அந்த அத்தியாயத்தின் முழுப் பதற்றமும் அடங்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பில் அது நெல்லாகவோ கம்பாகவோ சிதறிப் போய்விட்டது. பிழையைச் சுட்டியபோது நண்பர் ஒருவர் சொன்னார்: "அதெல்லாம் தொழில்நுட்ப விவரம் சார், இலக்கிய வாசகனுக்கு எதற்கு?" இந்தக் கட்டுரையின் சினம் மொழிபெயர்ப்பாளர் மீதன்று. இந்தப் பதிலின் மீது.

எதற்கு என்று பார்ப்போம்.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொதிந்த, ஊசி தட்டியவுடன் பற்றிக்கொள்ளும் கேப்பு, கூட்டுக்குள் மருந்து, வாயில் செருகிய ஈய முனை. ஆலையில் இருந்து வருவதை அப்படியே சுடுவது ஒரு வழி. சுட்டு முடித்த கூட்டைப் பொறுக்கியெடுத்து, பழைய கேப்பைத் தட்டி நீக்கி, கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்திச் சீராக்கி, புதிய கேப்பைப் பதித்து, மருந்தைத் தராசில் நிறுத்து ஊற்றி, தனக்கு வேண்டிய முனையைத் தானே தேர்ந்து செருகிக்கொள்வது இன்னொரு வழி. மேலை நாட்டு வேட்டைக்காரர்கள் பலர் இந்த இரண்டாம் வழியை ஒரு நோன்பு போலக் கடைப்பிடிக்கின்றனர். குளிர்கால இரவுகளில் மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து, ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் குறிப்பேடு எழுதி வைத்துக்கொள்கிறார்கள். மருந்தில் விரைந்து எரிவதும் உண்டு, மெல்ல எரிவதும் உண்டு. ஒன்றுக்குரிய அளவை மற்றொன்றுக்குப் போட்டால் துப்பாக்கி சுடுபவன் முகத்திலேயே வெடிக்கும். ஆகவே குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறுவது அங்கே எழுதப்படாத ஒழுக்கம். (எல்லாத் தோட்டாவையும் இப்படி மீண்டும் நிரப்ப முடியாது. நம் மாணவர் படைப் பிள்ளைகள் சுட்டுப் பழகும் 22 தோட்டாவில் தீமருந்து கூட்டின் விளிம்பிலேயே இருக்கிறது. ஒருமுறை சுட்டால் அவ்வளவுதான்.)

துளை சிறுக்கச் சிறுக்க இந்தத் தேர்வு கடினமாகிறது என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. பெருந்துளைத் துப்பாக்கியில் தவறு செய்தாலும் அதன் எடை ஓரளவு காப்பாற்றும். சிறுதுளையில் எடை இல்லை. எனவே அறிவு வேண்டும். 1930ஐ ஒட்டி அமெரிக்காவில் பிறந்த 22 ஹார்னெட் என்ற தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதற்கு வழக்கமான முனை 45 கிரெயின், அதாவது 3 கிராமுக்கும் குறைவு. முயலுக்கும் நரிக்கும் ஏற்றது. அதன் முனை மெல்லிய உறையுடையது; பட்ட மாத்திரத்தில் சிதறும். சிறு விலங்குக்கு அது உடனடிச் சாவு. அதே முனையால் ஒரு மானின் தோளைச் சுட்டால் தோலுக்குக் கீழேயே உடைந்து, கையகலப் புண்ணை உண்டாக்கிவிட்டு நின்றுவிடும். மான் ஓடிவிடும், மூன்று நாள் கழித்து எங்கோ புதரில் சாகும். சரி, உடையாத முழு உறை முனையைச் செருகினால்? ஊசி போல நுழைந்து மறுபுறம் போய்விடும். அப்போதும் மான் ஓடும். சரி, எடை கூடிய நீண்ட முனையைச் செருகினால்? அந்தக் குழலின் உள்வரிகள் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெல்லிய முறுக்குடையவை; நீண்ட முனையை அவை நிலையாகச் சுழற்றா; முனை காற்றிலேயே தள்ளாடி இலக்கில் குறுக்காகப் போய் விழும். ஆக, இந்தத் துப்பாக்கியால் மானைச் சுடாதே என்பதே சரியான விடை. இந்த விடைக்கு வந்து சேர்வதற்கு எடை, உறை, முறுக்கு என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் சுடுகிறவன் ஒரு பாத்திரம். தெரியாமல் சுடுகிறவன் வேறொரு பாத்திரம். தெரிந்ததால் துப்பாக்கியைத் தாழ்த்துகிறவன் மூன்றாவது பாத்திரம். 'குண்டு பாய்ந்தது' என்று எழுதுகிறவருக்கு இந்த மூவரும் ஒருவரே.

இது வெறும் சொற்பிரச்சினை என்று யாரேனும் இன்னமும் கருதினால், சம்பாவத் புலியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 436 உயிர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட அந்தப் பெண்புலியை 1907இல் கார்பெட் வீழ்த்தினார். வீழ்த்திய பின் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைக் கொல்ல முடியாமல் போனதால்தான் அது மனிதர் பக்கம் திரும்பியது என்று அவர் 1944இல் வெளியான தம் நூலில் எழுதினார். யாரோ ஒருவன், எந்தக் காட்டிலோ, தகாத தோட்டாவாலோ தகாத குறியாலோ ஒரு புலியைக் கொல்லாமல் விட்டான். அதன் விலை 436. அந்த முகம் தெரியாத ஆளின் துப்பாக்கிக்குள் என்ன இருந்தது என்பது 'தொழில்நுட்ப விவரமா'? நமக்கு அது அந்த நூலின் மையக் கதையாகத் தெரிகிறது. அந்தப் புலியைக் கொன்றதற்காகவே கார்பெட்டுக்கு ரிக்பி நிறுவனத்தின் 275 ரைபிள் பரிசாக அளிக்கப்பட்டது. ஏழு மில்லிமீட்டர் துளையுள்ள அந்தச் சிறு ரைபிளையே அவர் பிற்பாடு விரும்பி எடுத்துச் சென்றார். அவர் பயந்த இடங்களும் பொறுத்திருந்த இடங்களும் அந்தத் துளையின் சிறுமையோடு சேர்த்து வாசிக்கப்பட வேண்டியவை.

இன்னொன்றும் உண்டு. சிறுதுளையின் அறச்சிக்கல் நம் மண்ணிலேயே உலகப் பிரச்சினையாக வெடித்தது. 1888இல் பிரிட்டிஷ் படை பெருந்துளையைக் கைவிட்டு 303க்கு மாறியது. 1895இன் சித்ரால் போரில், புதிய சிறு முனை எதிரியின் உடலைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, ஆள் விழுவதில்லை என்று சிப்பாய்கள் முறையிட்டனர். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே முனையின் உறையை நுனியில் மட்டும் நீக்கினார். ஈயம் வெளியே தெரிந்த அந்த முனை உடலுக்குள் மலர்ந்து விரிந்தது. அதன் கொடுமையை ஐரோப்பா பேசியது; 1899இல் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் விரியும் முனையைப் போரில் தடை செய்தது. வேட்டையில் நிலைமை தலைகீழ். விரியாத முழு உறை முனையால் மானையோ புலியையோ சுடுவதைத்தான் நேர்மையான வேட்டைக்காரன் இழிவாகக் கருதுவான். விரியும் முனையே அவனுக்கு இரக்கம். மனிதனுக்குக் கொடுமையெனத் தடுக்கப்பட்டது விலங்குக்குக் கருணையென விதிக்கப்படுகிறது. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆங்கில மூலங்களில் அந்த முனையின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. தமிழில் அது 'மென்மூக்குக் குண்டு' என்று ஒருமுறை வந்து, விளக்கமின்றி, அடுத்த பக்கத்தில் வெறுங்குண்டாகிவிடுகிறது.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். கார்டைட் என்ற கயிற்று வடிவ மருந்து சூட்டில் அழுத்தம் கூடுவது. ஆகவே இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பப்பட்ட பெருந்துளைத் தோட்டாக்களில் மருந்தின் அளவையே குறைத்து நிரப்பினார்கள். லண்டன் பனியில் ஒழுங்காகச் சுடும் தோட்டா சேலத்துச் சித்திரை வெயிலில் கூட்டைப் பிளந்து துப்பாக்கியை அடைத்துக்கொண்டால், எதிரே நிற்பது காட்டெருமை. கார்டைட்டைச் செய்ய நீலகிரியின் அருவங்காட்டில் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆலை அமைத்தார்கள். இன்றும் அது இயங்குகிறது. அந்த ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் தமிழ் எம்.ஏ. படித்திருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் கேட்டிருந்தால் தானியம் கிரெயினாகியிருக்கும்.

இங்கேதான் நம் சூழலின் நோய் தெரிகிறது. சொல் வேண்டுமென்றால் நமக்கு இரண்டே வழிகள்தான் தெரிகின்றன: அகராதியைப் புரட்டிப் புதிதாக ஒன்றை வனைவது, அல்லது குண்டு என்று எழுதிவிட்டு நகர்வது. வனைந்த சொற்கள் பெரும்பாலும் பிறந்த மேசையை விட்டு இறங்குவதில்லை. ஆனால் சொற்கள் இல்லாமலா இருந்தன? துப்பாக்கியின் சுத்தியலுக்குக் 'குதிரை' என்று பெயர் வைத்தது எந்தக் கலைச்சொல் குழுவும் அன்று. அவுட்டுக்காய் என்ற சொல்லைப் பாருங்கள். காட்டுப்பன்றிக்காகப் பழத்திலோ உணவிலோ வெடிமருந்தை மறைத்து வைக்கும் அந்தக் கொடிய பண்டத்துக்கு மேற்கு மாவட்டத்து மக்கள் வைத்த பெயர் அது. அதைக் கடித்து வாய் சிதைந்து யானைகள் சாகும்போது நாளிதழ்கள் தயங்காமல் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டன. இன்று அதற்கு மாற்றுச் சொல் எதுவும் தேவையில்லை. நாளிதழ் நிருபருக்கு இருந்த செவி இலக்கிய மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் இல்லாமற்போயிற்று?

ஈழத்தமிழைப் பார்த்தால் நமக்கு வெட்கம் வர வேண்டும். துவக்கு, ரவை, சன்னம், கோது, ரவைக்கூடு, எறிகணை, இடியன். தோட்டா முழுமைக்கு ரவை, உடலில் பாய்ந்ததற்குச் சன்னம், வெறுங்கூட்டுக்குக் கோது, வாய்வழி மருந்தும் சன்னமும் இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கிக்கு இடியன் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இருக்கை. இந்தத் துல்லியம் அவர்களுக்கு எந்த விலையில் கிடைத்தது என்பதை நாம் அறிவோம். பொறாமைப்படுவதற்கான செல்வமன்று அது. எனினும் வன்னிக் காட்டில் மரை வேட்டைக்குப் போன தாத்தாவின் இடியன் போருக்கு முந்தையது. அவர்களுடைய கதைகளில் ஒரு பாத்திரம் கோதைப் பொறுக்கினால் என்ன நடந்தது என்று வாசகருக்குத் தெரிகிறது. நம் கதையில் ஒரு பாத்திரம் 'காலிக் குண்டை'ப் பொறுக்குகிறது.

நம் பக்கத்திலும் தேடுவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் பாடம் நடத்துவது வடசென்னையில். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கரை வெடிமருந்தையும் ஈயத்தையும் புதிதாக அறிந்ததன்று. வடக்கே பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் வெடிமருந்து ஆலை நடத்திக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். புளியந்தோப்பில் பவுடர் மில் ரோடு என்ற தெருப்பெயர் இன்னும் இருக்கிறது. முகப்பூச்சு மாவு ஆலை என்று நினைத்துக்கொண்டு அதில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியபோதுதான், மணலியில் ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் 2015 முதல் சரக்குப் பெட்டிகளில் கிடப்பது நகரத்துக்குத் தெரிந்தது, அவசரமாக அப்புறப்படுத்தினார்கள். அந்த வாரம் எங்கள் பகுதியில் அந்தப் பொருளை 'வெடிகுண்டு' என்றவர்களும் உண்டு, 'உரம்தானே' என்றவர்களும் உண்டு. இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருந்த உண்மைக்குத் தமிழில் வாக்கியம் இல்லாமல் இருந்தது. சொல் இல்லாத இடத்தில் பீதியும் அலட்சியமும் மாறி மாறிக் குடியேறுகின்றன.

காசிமேட்டில் வலைக்கு ஈயம் கட்டுகிறவரிடமும் எண்ணூர் முகத்துவாரத்தில் வீச்சுவலை வீசுகிறவரிடமும் பேசிப் பார்த்தால், கையால் நிரப்பும் தோட்டாவின் தர்க்கம் முழுவதும் அங்கே இருக்கிறது. ஈயத்தை உருக்குவது, அச்சில் வார்ப்பது, மேலே மிதக்கும் கசடை வழித்தெறிவது, நீரோட்டத்துக்கும் ஆழத்துக்கும் தக்கபடி எடையைத் தேர்வது. கனம் குறைந்தால் வலை விரிந்து மிதந்து மீன் அடியால் நழுவும். கூடினால் வலை குவிந்து விழும். எடைக்கும் வேலைக்கும் உள்ள உறவை அவருக்கு யாரும் பாடமாகச் சொல்லவில்லை. நம் மொழிபெயர்ப்பாளர் இந்தக் கரையில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தால் போதும். வார்ப்பு, கசடு, கனம் என்ற மூன்று சொற்களோடு எழுந்து போயிருப்பார்.

நரிக்குறவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. கையால் மருந்து நிரப்பும் கலை தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தின் அன்றாடமாக இருந்தது என்றால் அது அவர்களிடம்தான். நம் எழுத்திலும் திரையிலும் அவர்கள் எப்படி வருகிறார்கள் என்பதை வாசகர் அறிவார்: ஊசி பாசி, ஒரு பாட்டு, ஒரு சிரிப்பு. தோளில் தொங்கும் நாட்டுத் துப்பாக்கி ஒப்பனைப் பொருள். அந்தத் துப்பாக்கியை நிரப்பும் முறையை நின்று பார்த்து எழுதியவர் எத்தனை பேர்? குழலின் வாய்வழியே அளந்த மருந்து, மேலே நாரோ துணியோ காகிதமோ தக்கையாக, கோலால் இடித்துக் கெட்டித்தல், பிறகு ரவை, அது உருண்டு வெளியே வராமல் மறுபடி ஒரு தக்கை. காடைக்கும் புறாவுக்கும் பொடி ரவை, முயலுக்கும் நரிக்கும் பருத்த ரவை. பொடி ரவையைப் பருத்த விலங்கின் மீது வீணாக்குவது அவர்களிடையே மடமை. ரவை பருத்து மருந்து மிகுந்தால் குருவி இறைச்சியாக மிஞ்சாது. மருந்துக்கும் ரவைக்கும் உள்ள விகிதத்தைத் தராசின்றிக் கையளவில் அறிந்த அந்த அறிவை மேலைநாட்டான் குறிப்பேட்டில் எழுதினால் கலை என்கிறோம். குறவர் உள்ளங்கையில் வைத்திருந்தால் கள்ளத்துப்பாக்கி என்கிறோம்.

1972இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையின் கதவை அடைத்துவிட்டன. அது சரியே, நாம் வேட்டைக்கு வக்காலத்து வாங்கவில்லை. அந்தக் கதவு ஒருவருடைய பொழுதுபோக்கின் மீதும் இன்னொருவருடைய அடுப்பின் மீதும் ஒரே வேகத்தில் சாத்தப்பட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கசிந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கருத்து நின்றதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு நீர்ப்பரப்பின் பறவைகளை அழிக்க ரவை தேவையில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றின் வாயை எத்தனை ஆண்டுகளாக மேடாக்கி வருகிறது! ஆனால் பறவை குறைந்ததைப் பற்றிய நம் கதைகளில் இன்னமும் குற்றவாளியாக வருபவன் கையில் நாட்டுத் துப்பாக்கியோடு வருகிறான். கதைக்கு அவன்தான் வசதி. ஆலைக்குப் பாத்திரப்பெயர் வைப்பது கடினம்.

'வேட்டையே குற்றமாகிவிட்ட பின் இந்தச் சொற்கள் எதற்கு' என்றொரு எதிர்வாதமும் வரும். யானைப்படை ஒழிந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. பரணி பாடம் நடத்தும்போது அங்குசத்தைக் கம்பி என்று யாரும் சொல்வதில்லை. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கருவிகளுக்குக் குளிர், தட்டை, தழல், கவண் என்று தனித்தனிப் பெயர் வைத்திருந்த இலக்கியத்தின் வாரிசுகள் நாம். கிளியை விரட்டுவதற்கே இத்தனை சொற்கள்! அந்தச் சொற்களைத் தேர்வில் கேட்டு மதிப்பெண் போடுகிறோம். அவற்றைப் படைத்த கவிஞர்களுக்கு அது தொழில்நுட்ப விவரமாகப் படவில்லை. தழலைச் சுழற்றுகிறவளையும் தட்டையை அடிக்கிறவளையும் ஒரே ஒலியில் அவர்கள் கேட்கவில்லை. விவரத்துக்கும் இலக்கியத்துக்கும் நடுவே வேலி போட்டது அண்மைக்காலத்து வேலை. அந்த வேலியைப் போட்டவர்கள் பெரும்பாலும் நம்மைப் போலச் சம்பளம் வாங்கிக்கொண்டு வகுப்பறைக்குள் இருப்பவர்கள்.

அந்த நூல் இரண்டாம் பதிப்புக்குப் போகிறது என்று கேள்விப்படுகிறோம். மூன்றாம் அத்தியாயத்தில் வேட்டைக்காரர் விளக்கடியில் உட்கார்ந்து இரண்டு வகைத் தோட்டாக்களைப் பிரித்து இரண்டு பைகளில் போட்டுக்கொள்ளும் இடம் ஒன்று வருகிறது. மூலத்தில் அது ஒரு முழுப் பக்கம். வலது பையில் விரியும் முனை, இடது பையில் உறை முனை. பிற்பாடு இருட்டில் எந்தப் பைக்குள் கை போகிறது என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. தமிழில் அந்தப் பக்கம், 'அவர் குண்டுகளைப் பைகளில் நிரப்பிக்கொண்டார்' என்ற ஒரே வரி. பதிப்பாளர் தானியத்தைத் திருத்தட்டும். அந்த வரியையும் ஒரு பக்கமாக்கித் தரட்டும்.